முரண், முரண், எங்கும் முரண்: நாடகக் கட்டுரையில் கலைச்சொல் பழுதை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் நகரில், லெபோ பாசார் தெருப் பக்கம் ஒரு கடையின் மாடியறை. சனிக்கிழமை மாலையானால் நாலைந்து பேர் இடுபணியைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிடுவார்கள். ஆறாம் படிவம் ஒருத்தி, ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் இருவர், பல்கலைக்கழகத்தில் ஓரிருவர். "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று நீட்டுகிற தாளின் ஓரத்தில் பெரும்பாலும் ஒரே குறிப்புதான் சிவப்பு மையில் இருக்கும்: "கலைச்சொல் பொருந்தவில்லை." எது பொருந்தவில்லை, ஏன் பொருந்தவில்லை என்று இருக்காது. என் முதல் கட்டுரையில் 'உச்சக்கட்டம்' என்ற சொல்லை ஏழு இடத்தில் வட்டமிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார் என் விரிவுரையாளர். அந்த ஏழு கேள்விக்குறிக்கும் விடை தேடி முடிக்க எனக்கு இரண்டு ஆண்டு பிடித்தது.

மோட்டார் பட்டறையில் "எந்தப் பாகம் கெட்டிருக்கு?" என்று உங்களைக் கேட்கமாட்டார்கள். "என்ன சத்தம் வருது?" என்றுதான் கேட்பார்கள். இங்கேயும் அப்படியே. உங்கள் கட்டுரையில் எந்தச் சத்தம் வருகிறதோ அந்தப் பகுதிக்குப் போங்கள்.

எடுத்துக்காட்டுக்கு வகுப்பில் நாங்களே கட்டிய ஒரு பத்து நிமிட நாடகத்தை வைத்துக்கொள்கிறேன். அச்சில் வந்ததில்லை, தேட வேண்டாம். களம், ஒரு தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசைவீடு. நிர்வாகத்திடமிருந்து மலாயில் ஒரு கடிதம் வருகிறது: மூன்று மாதத்தில் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். பாட்டி வெளியே போயிருக்கும்போது பேத்தி அதை அப்பாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறாள். பாட்டிக்கு மலாய் படிக்கத் தெரியாது. அவர் திரும்பியதும் மகன் அதே கடிதத்தைக் கையில் பிடித்தபடி, "கூரை மாத்தித் தரப்போறாங்களாம் ஆத்தா" என்கிறான். பாட்டி சிரித்துக்கொண்டே வாசலில் ஒரு முருங்கைக் கொம்பை நடுகிறார். கடைசியில் பேத்தி உண்மையைச் சொல்லிவிடுகிறாள். பாட்டி ஒன்றும் பேசவில்லை. செம்பில் தண்ணீர் எடுத்து வந்து அந்தக் கொம்புக்கு ஊற்றுகிறார். விளக்கு அணைகிறது.

அறிகுறி: கட்டுரை முழுக்கக் கதைச்சுருக்கம் மாதிரி இருக்கிறது

வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். 'ஆசிரியர் கூறுகிறார்', 'ஆசிரியர் விளக்குகிறார்' என்று வரிசையாக வந்தால் பழுது அங்கேதான். நாவலில் கதைசொல்லி என்று ஒருவர் இருப்பார். நாடகத்தில் பெரும்பாலும் அந்த ஆள் கிடையாது. பாத்திரம் பேசுகிறது, மேடைக்குறிப்பு சொல்கிறது, இயக்குநர் தெரிவு செய்கிறார், நடிகர் செய்கிறார், விளக்கு காட்டுகிறது அல்லது மறைக்கிறது. 'ஆசிரியர் பாட்டியின் சோகத்தைக் கூறுகிறார்' என்ற வாக்கியத்தில் இவர்களில் யார் என்ன செய்தார் என்பதே தொலைந்துபோகிறது. பாட்டி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே. தண்ணீர்தானே ஊற்றினார்.

இதற்கு அடியில் இன்னொரு பழுதும் இருக்கும்: நீங்கள் ஆய்வது எழுத்தையா, நிகழ்வையா? தாளில் இருப்பது பிரதி. பனுவல் என்பாரும் உண்டு. மேடையில் ஓர் இரவு நடந்தது நிகழ்த்துகை. இந்தப் பிரிவைக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே தீர்த்துவிடுங்கள். பிரதியைப் பற்றி எழுதும்போது நிகழ்காலம்: 'பாட்டி தண்ணீர் ஊற்றுகிறார்.' பார்த்த நிகழ்வைப் பற்றி என்றால் இறந்தகாலம், கூடவே நாளும் இடமும்: 'அன்றைய நிகழ்வில் செம்பு காலியாக இருந்தது.' செம்பு காலி என்பது பிரதியில் இல்லை, அது அந்தக் குழுவின் தெரிவு. இந்த ஒரு திருத்தத்திலேயே பாதிக் கட்டுரைகள் நிமிர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: ஒரு பக்கத்தில் 'முரண்' நாலு தடவை வருகிறது

என்னிடம் வருகிற தாள்களில் மிக அதிகமாகக் கேட்கிற சத்தம் இது. குற்றம் மாணவர்மேல் மட்டும் இல்லை. தமிழில் இந்த ஒரு சொல்லின் தலையில் நாம் ஐந்து மூட்டையை ஏற்றிவைத்திருக்கிறோம். யாப்பில் முரண் தொடை இருக்கிறது, அது சொல்லாலோ பொருளாலோ எதிரெதிராகத் தொடுப்பது. நாடகத்தில் இருவர் மோதுவதையும் முரண் என்கிறோம். இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாடு காட்டுவதும் முரண். தனக்குள்ளேயே இடிக்கிற ஒரு கூற்றும் முரண். பார்வையாளருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாமல் இருப்பதற்கும் அதே பெயர்தான். படிக்கிற விரிவுரையாளர் ஐந்தில் எதை எடுத்துக்கொள்வார்?

'முரண்' என்று எழுதிய ஒவ்வொரு இடத்திலும் நின்று மூன்று கேள்வி கேளுங்கள்.

யாராவது எதையாவது அடைய முயன்று, இன்னொருவர் தடுக்கிறாரா? அப்படியானால் அது மோதல். யார், எதற்காக, யாரோடு என்ற மூன்றும் வாக்கியத்தில் இருக்க வேண்டும். மகனுக்கும் பேத்திக்கும் இடையில் நடப்பது மோதல். அவன் மறைக்க வேண்டும் என்கிறான், அவள் சொல்ல வேண்டும் என்கிறாள். வெளியில் ஆள் இல்லாமல் மகன் தனக்குள்ளேயே தடுமாறினால் அகமோதல். அதற்கும் மேடையில் சான்று வேண்டும்: கடிதத்தை மடிக்கிறான், பிரிக்கிறான், மறுபடி மடிக்கிறான்.

மோதல் இல்லாமல், இரண்டு பொருளோ காட்சியோ ஒன்றையொன்று துலக்கிக் காட்டுகின்றனவா? அது எதிர்நிலை. மலாயில் தட்டச்சு செய்த கடிதமும் பாட்டியின் மண் ஒட்டிய கையும் எதிர்நிலை. அவை சண்டை போடவில்லை.

மூன்றாவது கேள்விதான் பலரும் தவறவிடுவது: யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது? கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரிந்த உண்மை மேடையில் உள்ளவருக்குத் தெரியாமல், அதனால் அவருடைய சொல்லுக்கோ செயலுக்கோ நமக்கு மட்டும் இரண்டாவது பொருள் ஒன்று கேட்டால், அது முரண்நகை. அதிலும் நாடக முரண்நகை. நகைமுரண் என்றும் எழுதுகிறார்கள். பெயரில் நகை இருக்கிறதே என்று சிரிப்பைத் தேட வேண்டாம். பாட்டி கொம்பு நடும்போது கூடத்தில் யாரும் சிரிப்பதில்லை.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். காட்சி வரிசையை மாற்றிப் பாருங்கள். பேத்தி கடிதத்தைப் படிக்கும் காட்சி கொம்பு நட்டதற்குப் பிறகு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கதை அதே கதை, மகன் சொன்ன பொய்யும் அதே பொய். ஆனால் பாட்டி கொம்பு நடும்போது நமக்கும் உண்மை தெரியாது. நாமும் அவரோடு சேர்ந்து மகிழ்வோம், பிறகு அதிர்வோம். அது திடீர்த் திருப்பம், முரண்நகை இல்லை. மகன் பொய் சொன்னான் என்பதால் மட்டும் முரண்நகை வந்துவிடாது. அந்தப் பொய் பொய் என்று நமக்கு எப்போது தெரிந்தது என்பதில்தான் அது இருக்கிறது. ஆகவே முரண்நகை என்று எழுதினால், பார்வையாளருக்குத் தகவல் கிடைத்த காட்சி எது, பாத்திரம் அறியாமல் செயல்படும் காட்சி எது என்று இரண்டையும் எண்ணோடு காட்ட வேண்டும். காட்ட முடியவில்லை என்றால் சொல்லை எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: 'உச்சக்கட்டம்' எங்கே என்று உங்களுக்கே சந்தேகம்

இங்கே மலேசியாவில் படித்த எல்லோர் தலையிலும் கொம்சாஸ், அதாவது மலாய்ப் பாடத்தின் இலக்கியப் பகுதி, தந்த அட்டவணை ஒன்று பதிந்திருக்கிறது. தெமா (மையக் கருத்து), பிளோட் (கதைப்பின்னல்), வாதாக் (பாத்திரம்), லாதார் (சூழல்) என்று படித்து, பிளோட்டைத் தொடக்கம், வளர்ச்சி, கிளைமாக்ஸ், பெலெராயான் (முடிவு) என்று பிரித்துப் பழகியவர்கள் நாம். அதைத் தமிழ் நாடகத்துக்கும் அப்படியே பொருத்துகிறோம். அதில் தவறில்லை. ஆனால் அந்த அட்டவணைக்கும் ஒரு தாத்தா இருக்கிறார். ஜெர்மானியர் குஸ்டாவ் ஃப்ரைடாக் 1863இல் நாடக நுட்பம் பற்றி எழுதிய நூலில் ஐந்து கட்டமுள்ள கூம்பை வரைந்தார். அவருடைய உச்சம் கூம்பின் நடுவில் இருக்கிறது, ஐந்து அங்க நாடகமானால் மூன்றாம் அங்கத்தில். அதற்கப்புறம் இறக்கம், பிறகு அழிவு. நாம் பேச்சில் உச்சக்கட்டம் என்று சொல்வதோ சினிமா கிளைமாக்ஸ், கடைசிப் பத்து நிமிடம். இரண்டு பேர் இரண்டு இடத்தைக் காட்டி ஒரே சொல்லைச் சொன்னால் கேள்விக்குறி விழத்தான் செய்யும்.

சரிசெய்வது எளிது. எந்தப் பொருளில் சொல்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அப்புறம், நீங்கள் உண்மையில் சொல்ல வந்தது உச்சம்தானா என்று பாருங்கள். அரிஸ்டாட்டில் தனித்தனியாகப் பெயர் வைத்த இரண்டு விஷயங்கள் உண்டு: நிலைமை எதிர்ப்பக்கமாகப் புரளும் திருப்பம், அறியாமை அறிவாக மாறும் அறிதல். பேத்தி உண்மையைச் சொல்லும் இடம் பாட்டிக்கு அறிதல். நிலைமை அங்கே புரளவில்லை, வீடு ஏற்கெனவே போய்விட்டது. அவ்விடத்தை 'உச்சக்கட்டம்' என்று எழுதினால் மேலோட்டமாக இருக்கிறது. 'திருப்பமின்றி நிகழும் அறிதல்' என்று எழுதினால், இந்த நாடகம் ஏன் கத்தாமல் முடிகிறது என்பதும் சேர்ந்து விளங்கிவிடுகிறது.

இடையில் ஒரு சின்ன மகிழ்ச்சி: பெலெராயான் என்ற மலாய்ச் சொல்லுக்குள் பிரித்துவிடுவது, சிக்கு எடுப்பது என்ற பொருள் இருக்கிறது. அரிஸ்டாட்டிலும் நாடகத்தைக் கட்டுதல், அவிழ்த்தல் என்றுதான் இரண்டாகப் பிரித்தார். நம்மிடம் முடிச்சு இருக்கிறது. மூன்று மொழியிலும் கயிறுதான். 'தீர்வு' என்று எழுதுவதைவிட 'முடிச்சு அவிழ்தல்' எனக்குப் பிடிக்கும். பல நாடகங்களில் முடிச்சு அவிழும், எதுவும் தீராது.

அறிகுறி: 'கருப்பொருள்', 'மெய்ப்பாடு' என்று எழுதினால் தமிழாசிரியர் முகம் சுளிக்கிறார்

பழைய சொல்லைப் புதிய பொருளில் எடுத்திருக்கிறீர்கள். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் இலக்கியத் தாளில் கருப்பொருள் என்றால் படைப்பின் மையக் கருத்து. தொல்காப்பியம் படித்தவருக்குக் கருப்பொருள் என்றால் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். ஒரே கட்டுரையில் திணையையும் பேசி, மையக் கருத்தையும் கருப்பொருள் என்றால் குழப்பம் உறுதி. அப்படிப்பட்ட கட்டுரையில் மையக் கருத்துக்கு 'மையப்பொருள்' என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நாடக வழக்கு' இன்னும் ஏமாற்றும். தொல்காப்பியர் உலகியல் வழக்கோடு சேர்த்துச் சொல்லும் நாடக வழக்கு, சுவைபடப் புனைந்து சொல்லும் கவிதை மரபு. மேடை நாடகத்துக்குச் சான்றாக அந்த வரியை மேற்கோள் காட்டிவிட்டு மதிப்பெண் எங்கே என்று தேடியவர்களில் நானும் ஒருத்தி.

மெய்ப்பாடு வேறு கதை. அதை 'உணர்ச்சி' என்பதற்கு அலங்காரப் பெயராகப் பயன்படுத்துகிறார்கள். மெய்யில் படுவதுதான் மெய்ப்பாடு, உள்ளே இருப்பது உடம்பில் தெரிய வேண்டும். மேடை ஆய்வுக்கு இவ்வளவு பொருத்தமான சொல் வேறு மொழியில் கிடைக்குமா தெரியவில்லை. நாம் அதைப் பட்டியலாக மனப்பாடம் செய்து வீணடிக்கிறோம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டோடு தொல்காப்பியர் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நந்நான்கு காரணம் தருகிறார். பயன் அந்த முப்பத்திரண்டில்தான் இருக்கிறது.

இளிவரலை எடுத்துக்கொள்ளுங்கள். வடமொழி ரசப் பட்டியலில் அருவருப்புக்கு நேராக இதை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். தொல்காப்பியர் தரும் நான்கு காரணமோ மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. இதில் அருவருப்பு எங்கே? வயதாகி, இயலாமல், பிறர் முன் சிறுத்துப்போகும் நிலை அது. கடிதத்தைத் தானே படிக்க முடியாமல் மகன் முகத்தைப் பார்த்து நிற்கும் பாட்டி, அழுகைக்கு முன்னால் இளிவரலில்தான் நிற்கிறார். வெகுளியின் நான்கு காரணங்களில் ஒன்று குடிகோள். குடும்பத்துக்கும் சுற்றத்துக்கும் கேடு சூழ்வது என்று அதற்கு உரை சொல்கிறது. லயத்தைக் காலிசெய்யச் சொல்லும் கடிதம் பேத்திக்கு வெகுளி ஊட்டுகிறது என்றால் காரணம் அங்கேயே பெயரோடு இருக்கிறது. 'பாட்டி சோகமெய்ப்பாட்டை வெளிப்படுத்துகிறார்' என்று எழுதியதை 'மூப்பு பற்றிய இளிவரல், தலையைத் தாழ்த்திக் கடிதத்தின் பின்பக்கத்தைப் பார்ப்பதில் வெளிப்படுகிறது' என்று மாற்றிப் பாருங்கள். எட்டில் எது, எந்தக் காரணம், உடம்பில் எங்கே. மூன்றும் இருந்தால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

அறிகுறி: நடிகர் நம்மைப் பார்த்துப் பேசினால் உடனே 'பிரெக்ட்' என்று எழுதிவிடுகிறீர்கள்

பல்கலைக்கழக மாணவர்களுக்கு வரும் காய்ச்சல் இது. முதலில் சொல்லைப் பார்ப்போம். 'அந்நியமாதல்' என்று எழுதுகிறார்கள். அது மார்க்ஸ் பேசியதற்கு நாம் வைத்திருக்கும் பெயர்: தொழிலாளி தன் உழைப்பிலிருந்தே விலகிப்போவது. ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் செய்தது, பழகிப்போன ஒன்றைப் பழகாத ஒன்றாக்கிக் காட்டி, நம்மை யோசிக்க வைக்கும் உத்தி. ஜெர்மன் மொழியில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். தமிழில் தன்வினை, பிறவினை கையில் இருக்கும்போது ஏன் கஷ்டப்பட வேண்டும்? தானாக நேர்வது அந்நியமாதல், வேண்டுமென்று செய்வது அந்நியப்படுத்தல். தூரப்படுத்தல் என்றாலும் சரி. தோட்டத் தொழிலாளர் பற்றிய நாடகத்தில் இரண்டு கருத்தும் ஒரே பத்தியில் வரக்கூடும், அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

சொல் சரியானாலும் பொருத்தம் சரியா என்று பார்க்க வேண்டும். தெருக்கூத்தில் கட்டியக்காரன் வந்து நம்மோடு பேசுவான், கேலி செய்வான், ராஜாவுக்கே எதிர்வாதம் வைப்பான். அதை 'நான்காம் சுவர் உடைகிறது' என்று எழுதுகிறார்கள். கட்டாத சுவரை எப்படி உடைப்பது? மேடைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு பெரிய சுவர் இருப்பதாக நினைத்துக்கொண்டு நடியுங்கள் என்று பிரெஞ்சுக்காரர் திதெரோ எழுதியது 1758இல். அந்தக் கற்பனையை ஏற்றுக்கொண்ட அரங்குக்குத்தான் உடைப்பு ஒரு செய்தி. கூத்துக்கு அது அன்றாடம்.

இதற்குச் சான்று தேடி தூரம் போக வேண்டாம், பினாங்கிலேயே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்கள் இங்கே வந்து ஆடின. அதைப் பார்த்து இந்தத் தீவில் முளைத்ததுதான் பங்சாவான் என்ற மலாய் இசைநாடகம். அதே பார்சிக் குழுக்கள் தமிழ்நாட்டு மேடைக்கும் ஓவியத் திரைகளைக் கொடுத்துவிட்டுப் போயின, ஆக இரண்டும் ஒருவகையில் பங்காளிகள். பங்சாவானில் காட்சி மாறும் இடைவேளையில், திரைக்கு முன்னால் பாட்டும் ஆட்டமும் வேடிக்கையும் நடக்கும். 'எக்ஸ்ட்ரா டர்ன்' என்றே அதற்குப் பெயர். கதை அறுபடுகிறதே, தூரப்படுத்தல்தானே என்று ஒரு மாணவர் எழுதிவந்தார். பின்னால் ஆட்கள் அடுத்த காட்சிக்கான அமைப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர் எழுந்து போகாமல் இருக்கப் பாட்டு.

பிரெக்ட் இந்தக் கருத்தைத் தெளிவாக எழுதியது, 1935இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங் ஆடியதைப் பார்த்த பிறகு. சீன மரபில் பிறந்தவருக்கு இயல்பான நடிப்பு அது, வெளியிலிருந்து பார்த்த பிரெக்டுக்கு விந்தை. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் பினாங்குத் தெருமுனைகளில் தற்காலிக மேடை போட்டுச் சீன இசைநாடகம் ஆடும்போது போய் நின்று பாருங்கள். முன்வரிசை நாற்காலியில் இருக்கும் பாட்டிமார் யாரும் தூரப்படவில்லை.

ஆகவே சோதனை இதுதான். உத்தியின் வடிவத்தை விடுங்கள், விளைவைக் கேளுங்கள். இந்த மரபில் இது வழக்கமா, விலகலா? பார்வையாளருக்கு எந்தப் பழகிய விஷயம் இப்போது கேள்வியாகிறது? இரண்டாவதற்கு ஒரு வரியில் பதில் இல்லை என்றால் 'நேரடி விளிப்பு' என்று எளிமையாக எழுதிவிட்டு நகருங்கள். அதுவும் துல்லியமான சொல்தான்.

அறிகுறி: தனிமொழியா, ஒதுக்குரையா என்று தெரியவில்லை

மேடையில் வேறு யாராவது இருக்கிறார்களா? இல்லை, பாத்திரம் தன் மனத்தைப் பேசுகிறது என்றால் தனிமொழி. இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்குக் கேட்கவில்லை என்று நாம் ஒப்புக்கொள்கிறோம் என்றால் ஒதுக்குரை. இருக்கிறார்கள், அவர்கள் கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள், ஒருவரே நீளமாகப் பேசுகிறார் என்றால் அது நீளுரை, அவ்வளவுதான். 'மோனோலோக்' என்று மலாய் வகுப்பில் படித்ததை எல்லாவற்றுக்கும் போடுவதால் வரும் சிக்கல் இது.

அறிகுறி: இடம், வலம், திரை, பின்னணி எல்லாம் மங்கலாக இருக்கிறது

மேடையின் இடப்பக்கம் என்றால் கூடத்தைப் பார்த்து நிற்கும் நடிகரின் இடப்பக்கம், உங்கள் இடப்பக்கம் இல்லை. சந்தேகமிருந்தால் 'நடிகரின் இடம்' என்றே எழுதுங்கள். 'பின்னணி' என்ற சொல் கதை நடக்கும் சூழலா, பின்னால் தொங்கும் திரையா, இசையா? சூழல், பின்திரை, பின்னணி இசை என்று பிரித்துவிடுங்கள்.

திரைக்கு நம்மிடம் இருக்கும் செல்வத்தை யாரும் தொடுவதில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மூன்று எழினி வருகிறது: ஒரு பக்கத்திலிருந்து இழுப்பது ஒருமுக எழினி, இரண்டு பக்கத்திலிருந்து வந்து நடுவில் சேர்வது பொருமுக எழினி, மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. அதே இடத்தில் அரங்கின் அளவு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்றும், அந்தக் கோல் இருபத்துநான்கு விரல் என்றும், வாயில் இரண்டு என்றும், தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்றும் சொல்கிறார் இளங்கோ. நிழல் எங்கே விழுகிறது என்றுகூடப் பார்த்து எழுதியவரின் பேரப்பிள்ளைகள் நாம், 'விளக்கமைப்பு சிறப்பாக இருந்தது' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அறிகுறி: 'துன்பியல் குறை' என்று எழுதினால் நாயகனைத் திட்டுவது போல் வருகிறது

அரிஸ்டாட்டில் சொன்ன ஹமார்ஷியா குணக்கேடு இல்லை, பிழை. வில்லாளி குறி தவறுவதற்கும் அந்தச் சொல்லின் வினையே வழங்கியது. தமிழில் 'குறி தவறு' என்று இருக்கும்போது குறை எதற்கு? மகன் கெட்டவன் இல்லை. ஆத்தாவைக் காப்பாற்ற நினைத்து எய்தான், தவறியது. அதேபோல் 'காலம், இடம், செயல் என்ற மூன்று ஒருமையை அரிஸ்டாட்டில் வகுத்தார்' என்ற வாக்கியத்தைப் பார்த்தால் அடித்துவிடுங்கள். அவர் வற்புறுத்தியது செயல் ஒருமையை. மூன்றையும் சட்டமாக்கியது 1570இல் வெளிவந்த இத்தாலியர் காஸ்டெல்வெத்ரோவின் உரை.

அறிகுறி: ஒரே ஆள் கட்டுரையில் மூன்று பெயரில் வருகிறார்

முதல் பக்கத்தில் இயக்குநர், மூன்றாம் பக்கத்தில் நெறியாளர், ஐந்தாம் பக்கத்தில் பெங்காரா. நமக்குத் தமிழ்நாட்டு நூலும் வருகிறது, இலங்கை நூலும் வருகிறது, வகுப்பறையில் மலாயும் வருகிறது. இலங்கையில் நெறியாள்கை, ஆற்றுகை, படச்சட்ட மேடை என்று அழகான சொற்கள் நிலைத்துவிட்டன. ஆற்றுகை எனக்கு நிகழ்த்துகையைவிடப் பிடிக்கும். எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஒன்றை எடுத்தால் கடைசிவரை அதையே. முதல் தடவை வரும்போது இன்ன பொருளில் என்று ஒரு வரி. மலாயிடமிருந்து ஒரு நல்ல பழக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: வாதாக் வேறு, பெர்வாதாகான் வேறு என்று கறாராகப் பிரிப்பார்கள். பாத்திரம் என்பது ஆள், பாத்திரப்படைப்பு என்பது அந்த ஆளை நமக்குக் காட்டும் வேலை. 'பாட்டியின் பாத்திரப்படைப்பு அன்பானது' என்று தமிழில் எழுதினால் இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன என்று அர்த்தம்.

அறிகுறி: கலைச்சொல் நிறைய இருக்கிறது, வாக்கியம் நகரவில்லை

ஆறாம் படிவப் பெண் எங்கள் நாடகத்தைப் பற்றி எழுதிய முதல் வரி இது: 'முரணான உச்சக்கட்டத்தில் பாட்டியின் பாத்திரப்படைப்பு மெய்ப்பாடுகளை வெளிப்படுத்திப் பார்வையாளரை அந்நியமாக்குகிறது.' ஐந்து கலைச்சொல். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் படிக்கச் சொன்னேன். எதை எடுத்தாலும் வாக்கியத்துக்கு வலிக்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்தபோது 'பாட்டி' மட்டும் மிஞ்சினார். அவரிடமிருந்து மறுபடி தொடங்கினோம், பாட்டி என்ன செய்கிறார் என்று. அரை மணி நேரத்தில் இப்படி வந்தது:

'பேத்தி கடிதத்தைப் படிப்பதை இரண்டாம் காட்சியிலேயே நாம் கேட்டுவிடுகிறோம். அதனால் நான்காம் காட்சியில் பாட்டி கொம்பு நடும் உவகை நமக்கு முரண்நகையாகிறது. இறுதியில் உண்மை தெரிந்த பிறகும் அவர் அதே கொம்புக்குத் தண்ணீர் ஊற்றும்போது, அதே செயல் முரண்நகை நீங்கிப் பெருமிதமாக மாறுகிறது.'

பெருமிதத்துக்குக் காரணம் எது என்று கேட்டேன். தொல்காப்பியர் தருவது கல்வி, தறுகண், இசைமை, கொடை. கொஞ்ச நேரம் யோசித்துத் 'தறுகண்' என்றாள். அஞ்சாமை. பாட்டிக்கு அது பொருந்துமா என்று மாடியில் ஒரு சண்டையே நடந்தது. ஒருவர் அது இன்னும் அழுகைதான், அழுகைக்கான காரணங்களில் இழவு இருக்கிறதே என்றார். எனக்கும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் இப்போது எதைப் பற்றிச் சண்டை போடுகிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த வாரம் தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில்: 'தறுகண்ணுக்கு மேடையில் சான்று?' அவள் செம்பைப் பற்றி இரண்டு வரி சேர்த்து, பாட்டியின் கை நடுங்கவில்லை என்ற மேடைக்குறிப்பையும் பக்க எண்ணோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.